மருத்துவமனை சிறையான கதை

[திரையில்: மிச்சிகன் வரைபடம், அயோனியா மீது ஒரு புள்ளி]

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அயோனியா என்றொரு சிற்றூர். குற்ற வழக்கில் சிக்கிய மனநோயாளிகளுக்காக 1885-இல் அங்கே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. 1970-களில் அந்த இடம் சிறைச்சாலை ஆகிவிட்டது. நடுவில் என்ன நடந்தது?

மனநல மருத்துவர் ஜோனதன் மெட்சல் அந்த மருத்துவமனையின் பழைய கேஸ் ஷீட்டுகளைத் தேடிப் படித்தார். 1950-களில் மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரீனியா, என்று எழுதப்பட்டவர்களில் வெள்ளையினப் பெண்கள் பலர். குடும்பத்தைச் சரியாகக் கவனிப்பதில்லை என்பதுகூட அவர்கள்மேல் இருந்த புகார். 1960-களில் அதே முத்திரை டெட்ராய்ட் நகரிலிருந்து வந்த கறுப்பின ஆண்கள்மேல் விழத் தொடங்குகிறது.

1968-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்க் கையேட்டைத் திருத்தியது. சந்தேகம் மேலோங்கிய மனச்சிதைவு உள்ளவர்கள் பெரும்பாலும் விரோதமும் ஆக்ரோஷமும் காட்டுவார்கள் என்று அதில் எழுதினார்கள். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஆண்டு! கறுப்பின மக்கள் உரிமை கேட்டுத் தெருவில் நிற்கிறார்கள். கோபப்பட அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அந்தக் கோபமே நோய்க்குறியாக வாசிக்கப்பட்டது.

[திரையில்: உயர்த்திய முஷ்டி, கோட்டோவியம்]

1974-இல், மனச்சிதைவுக்குக் கொடுக்கப்படும் ஹால்டால் என்ற மருந்துக்கு ஒரு விளம்பரம் வந்தது. முஷ்டியை ஓங்கி நிற்கும் கறுப்பின ஆணின் படம். மனநல மருத்துவர்கள் படிக்கும் ஆய்விதழில் அச்சான விளம்பரம் இது.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1955-இல் அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களை வெளியே அனுப்பி, ஊருக்கு ஊர் சிகிச்சை மையம் கட்டுவோம் என்று 1963-இல் அதிபர் கென்னடி சட்டம் போட்டார். மருத்துவமனைகள் மூடப்பட்டன, மையங்கள் போதுமான அளவு வரவேயில்லை. வீட்டில் ஒருவருக்கு மனநோய் முற்றினால், அழைக்க மிஞ்சியது போலீஸ்தான். இன்று சிகாகோவின் குக் கவுன்டி சிறை நாட்டின் மிகப் பெரிய மனநலக் காப்பிடங்களில் ஒன்று.

மக்கள்தொகையில் சுமார் 14 சதவீதமான கறுப்பினத்தவர், சிறைக் கைதிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மனச்சிதைவு முத்திரையும் வெள்ளையரைவிட இரு மடங்குக்கு மேல் அவர்களுக்கே கிடைக்கிறது. கடும் மனச்சோர்வோடு வருபவருக்குக்கூட சில நேரம் மனச்சிதைவு என்று எழுதிவிடுகிறார்கள். அப்போது மனச்சோர்வுக்கான மருந்து அவருக்குக் கிடைக்காமல் போகலாம்.

டென்வர் நகரம் 2020 முதல், மனநல நெருக்கடி குறித்து வரும் சில அவசர அழைப்புகளுக்குப் போலீசுக்குப் பதிலாக ஒரு மனநலப் பணியாளரையும் ஒரு மருத்துவ உதவியாளரையும் வேனில் அனுப்புகிறது. ஆயுதம் இல்லாமல் போகிறார்கள். மற்ற நகரங்கள் இதைச் செய்யத் தயங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.