மீன் தொட்டிக்கு எந்த ஃபில்டர்?

நேயர்களுக்கு வணக்கம்.

"வீட்டில் கலர் மீன் தொட்டி வைத்திருக்கிறோம். தண்ணீர் கலங்கிக்கொண்டே இருக்கிறது. எந்த ஃபில்டர் வாங்கலாம்?" காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் என்னைப் பார்க்கிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்தே மீன் வளர்ப்பவன் நான். இருந்தாலும் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்வதில்லை. என்ன மாதிரிக் கலங்கல் என்று முதலில் திருப்பிக் கேட்பேன். வெள்ளையா, பச்சையா, பழுப்பா?

காரணம் இருக்கிறது. புதுத் தொட்டியில் முதல் வாரத்திலேயே பால் கலந்தது போல வெள்ளையாக வந்தால், தண்ணீரில் பாக்டீரியா திடீரென்று பெருகியிருக்கிறது. அதற்குப் பெரிய ஃபில்டர் வாங்கிப் பயனில்லை. தீனியைக் குறைத்துவிட்டுப் பொறுத்திருந்தால் தானாகத் தெளியும். பழுப்பு என்றால் உள்ளே மரக்கட்டை போட்டிருப்பார்கள், அதன் சாறு இறங்குகிறது. மீனுக்கு ஒன்றும் ஆகாது. கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் நிறத்தை உறிஞ்சுகிற கரியான ஆக்டிவேட்டட் கார்பன் கொஞ்சம் போதும். பச்சை என்றால் பாசி. தொட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று அடுத்துக் கேட்பேன். நம் வட்டாரத்து வீடுகளில் பெரும்பாலும் வளவில், முற்றத்தை ஒட்டிய தூண் ஓரமாக வைத்திருப்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை முற்றத்து வெயில் நேராக அதன்மேல் விழும். அந்தப் பாசி ஃபில்டரின் ஸ்பாஞ்சில் சிக்காது, அவ்வளவு நுண்ணியது. தொட்டியைப் பட்டாலைப் பக்கம், நேர் வெயில் படாத இடத்துக்கு நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நகர்த்துவதற்கு முன் தண்ணீரை இறைத்துவிடுங்கள். இரண்டடித் தொட்டியில் தண்ணீர் மட்டும் ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும்.

சரி, இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சங்கதி. நான் இன்று பேச வந்தது கண்ணுக்குத் தெரியாத சங்கதியைப் பற்றி.

ஊருணித் தண்ணீர் குடித்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. மழைக்குப் பிறகு தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும். தேத்தாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் உரைத்துத் தண்ணீரை ஊற்றி வைத்தால், மண்ணெல்லாம் அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும். அருமையான முறை. ஆனால் அது படிய வைப்பது மிதக்கும் மண்ணைத்தான். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு அப்படியே இருக்கும். பெரியவர்களுக்கு இது தெரியும், அதனால்தான் எந்த ஊருணி குடிக்க, எந்த ஊருணி குளிக்க என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள்.

மீன் தொட்டியிலும் அப்படித்தான். மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் கிடக்கும் தீனி அழுகினாலும் அம்மோனியாதான் வரும். அதற்கு நிறம் கிடையாது, மீனைக் கொல்லும் அளவு சேர்ந்தாலும் நம் மூக்குக்குத் தெரியாது. தண்ணீர் பளிச்சென்று இருக்கும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

கண்டனூரில் ஓர் ஆச்சி வீட்டில் இதை நேரில் பார்த்தேன். பேரனுக்காக வாங்கிய தொட்டி, நான்கு கோல்டு ஃபிஷ், உள்ளேயே மூழ்கியிருக்கும் நல்ல மோட்டார் ஃபில்டர். "தம்பி, தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு பாருங்க. ஆனா வாரத்துக்கு ஒண்ணு செத்துப்போகுது. திருஷ்டியா இருக்குமோன்னு நினைச்சேன்" என்றார். நான் கொண்டுபோயிருந்த சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்தை விட்டேன். அம்மோனியா இல்லாவிட்டால் அது மஞ்சளாகவே நிற்கும். கொஞ்ச நேரத்தில் இலைப் பச்சைக்கு வந்துவிட்டது. "ஆச்சி, ஃபில்டரை எப்படிக் கழுவுறீங்க?" என்று கேட்டேன். பேரன்தான் சொன்னான்: ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும் வரை கசக்கிப் பிழிந்து, தொட்டித் தண்ணீர் முழுவதையும் மாற்றிவிடுவானாம். பிள்ளை பொறுப்பாகத்தான் செய்திருக்கிறான். ஆனால் அம்மோனியாவை மாற்றி மீன்களைக் காப்பாற்றுகிற பாக்டீரியாவில் பெரும்பகுதி அந்த அழுக்கில்தான் குடியிருக்கிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் குடியிருப்பு காலியாகிவிடும், புதன் வியாழனுக்குள் அம்மோனியா ஏறிவிடும்.

இங்கே ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது, வகுப்பில் ஆண்டுதோறும் சொல்வேன்.

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்றொரு வேதியியலாளர். 1850-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் கோல்டு ஃபிஷ்களை விட்டு, கூடவே வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியை வைத்தார். செடி மீனுக்கு ஆக்சிஜன் கொடுத்தது. கொஞ்ச நாளில் செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. அப்போது குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகியதைத் தின்றன, தண்ணீர் மறுபடி தெளிந்தது. இன்று நாம் வீட்டில் வைக்கிற தொட்டிக்கெல்லாம் அது ஒரு முன்னோடி.

அப்புறம் 1877. பாரிஸில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்று இரண்டு பேர். ஒரு நீளமான கண்ணாடிக் குழாயில் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பி, மேலிருந்து சாக்கடைத் தண்ணீரை மெல்ல மெல்லக் கசிய விட்டார்கள். கீழே வருகிற தண்ணீரைச் சோதித்தால் அம்மோனியா அப்படியே வருகிறது. ஒரு வாரம் ஆயிற்று, அப்படியேதான். இரண்டு வாரம், அப்படியேதான். இருபது நாள் கழித்து மெல்ல நைட்ரேட் தலைகாட்டியது. அம்மோனியா மாறி உண்டாகிற உப்பு அது, மீனுக்கு அம்மோனியா அளவுக்குக் கெடுதல் இல்லாதது. அப்புறம் அம்மோனியா அடியோடு காணாமல் போயிற்று. வெறும் வேதிவினையாக இருந்தால் முதல் நாளே நடந்திருக்க வேண்டுமே, இருபது நாள் எதற்கு? உயிருள்ள ஏதோ ஒன்று அந்த மணலில் குடியேறிப் பெருக அந்த நேரம் தேவைப்பட்டிருக்கிறது. அவர்கள் அதோடு விடவில்லை. உயிருள்ளதை முடக்கிப்போடுகிற குளோரோஃபார்ம் ஆவியை உள்ளே செலுத்தினார்கள். நைட்ரேட் நின்றுவிட்டது. குளோரோஃபார்மை நிறுத்திவிட்டு, நல்ல மண்ணைக் கரைத்த தண்ணீர் கொஞ்சம் ஊற்றினார்கள். சில நாளில் மறுபடி வேலை தொடங்கியது.

நேயர்களே, அந்தக் குழாய் அப்படியே நம் ஃபில்டர்தான். மணலுக்குப் பதில் ஸ்பாஞ்ச், செராமிக் ரிங் என்கிற சின்னப் பீங்கான் வளையங்கள். குளோரோஃபார்முக்குப் பதில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரின் குளோரின். கண்டனூர்ப் பேரன் ஞாயிறுதோறும் செய்தது அந்தப் பாரிஸ் சோதனையின் இரண்டாம் பகுதி.

பாரிஸ் செய்தி கேட்டு இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இதைத் தொடர்ந்தவர் யார் தெரியுமா? அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். நத்தை விட்டாரே, அவருடைய மகன்! அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுவது ஒரு வகை உயிர், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுவது வேறொரு வகை என்று அவர் கண்டார். அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தவர் ரஷ்யாவைச் சேர்ந்த வினோகிராட்ஸ்கி, 1890 வாக்கில். தகப்பன் தொட்டியை உருவாக்கினார், அந்தத் தொட்டி ஏன் உயிரோடு இருக்கிறது என்பதை மகன் தேடிப்போனார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

ஆகவே ஃபில்டர் வாங்கும்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று: இதில் பாக்டீரியா குடியிருக்க எவ்வளவு இடம் இருக்கிறது, அதை நிம்மதியாக இருக்க விடுகிற மாதிரி கழுவ முடியுமா? தூசியைப் பிடிப்பது எல்லா ஃபில்டரும் செய்கிற வேலை. விலை, மோட்டார் வேகம், விளக்கு, எல்லாம் அதற்குப் பிறகு.

முதல் தடவை தொட்டி வைப்பவர்களுக்கு, இரண்டடித் தொட்டிக்கு, நான் சொல்வது ஸ்பாஞ்ச் ஃபில்டர். கடைக்காரர் கடைசியாகத்தான் எடுத்துக் காட்டுவார், ஏனென்றால் விலை குறைவு. ஒரு கறுப்பு ஸ்பாஞ்ச், நடுவே ஒரு குழாய், வெளியே ஏர் பம்ப். காற்றுக் குமிழி மேலே ஏறும்போது தண்ணீரை ஸ்பாஞ்ச் வழியாக இழுத்துக்கொண்டு போகும். குஞ்சு மீன் சிக்காது. காற்றும் கலக்கும். நம் ஊருக்கு அது முக்கியம். சித்திரை வைகாசியில் தொட்டித் தண்ணீர் சர்வசாதாரணமாக 32 டிகிரிக்குப் போகும். 25 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் என்றால், 32 டிகிரியில் 7 சொச்சம்தான். வெயில் ஏற ஏற மீனுக்கு மூச்சுத் தேவை கூடும், தண்ணீரில் காற்றோ குறையும்.

கோல்டு ஃபிஷ்தான் வேண்டும் என்றால் ஸ்பாஞ்ச் ஒன்று போதாது. அவை நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். தொட்டிக்கு மேலே பெட்டி மாதிரி உட்காருகிற டாப் ஃபில்டர் அவற்றுக்கு நல்லது. மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும், பஞ்சு, செராமிக் ரிங் வழியாக வழிந்து கீழே விழும். மேல் மூடியைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும். பஞ்சை வேண்டும்போது மாற்றலாம், ரிங்கைத் தொடவே வேண்டாம். ஃபைட்டர் மீனுக்கு இந்த வேகம் ஆகாது, அது அமைதியான தண்ணீரில் வாழ்வது.

அளவுக்கு ஒரு கணக்கு. ஒரு கன அடித் தண்ணீர் 28 லிட்டர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் 56 லிட்டர். மோட்டார் ஃபில்டர் ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீரை நான்கு முறையாவது சுற்ற வேண்டும், அதாவது 220 லிட்டருக்கு மேல். பெட்டியில் போட்டிருக்கும் எண், உள்ளே ஸ்பாஞ்சும் அழுக்கும் இல்லாமல் எடுத்த கணக்கு. அதனால் 300 என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

கழுவும் முறையைத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை ஒரு வாளியில் இறக்குங்கள். அந்த வாளித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை அமுக்கி விடுங்கள். வெள்ளையாக வேண்டாம், தண்ணீர் ஓடினால் போதும். குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஊற்றுகிற புதுத் தண்ணீரில் குளோரினை முறிக்கிற ஆன்டி குளோரின் மருந்தை விட்டு ஊற்றுங்கள். அழுக்கு வாளியை ரோஜாச் செடிக்கு ஊற்றலாம், நைட்ரேட் செடிக்கு உரம். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் ஃபில்டரை ஓடவிட்டு ஒன்றிரண்டு மீனோடு நான்கு முதல் ஆறு வாரம் பொறுங்கள். பாரிஸில் இருபது நாள் ஆனதை மறக்காதீர்கள். தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடுகிற தொட்டி இருந்தால், அவருடைய பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வாங்கி உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். அதைவிட நல்ல அன்பளிப்பு கிடையாது.

நம் தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். போர் தண்ணீர் பல ஊர்களில் கடினமாக இருக்கும். கண்ணாடியில் தண்ணீர் நிற்கும் கோட்டில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். நான் சொன்ன தொட்டி ஃபில்டர் எதுவும் அதை எடுக்காது. அதே படிவு மோட்டாரின் உள்ளே சுழலும் காந்தத்தில் சேர்ந்தால் உறுமல் சத்தம் வரும். கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஊற வைத்து நன்றாக அலசுங்கள், சரியாகிவிடும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்ணான பி.எச். 7-இலிருந்து 8-க்கு ஏறினால், அதே அம்மோனியாவில் நஞ்சான பங்கு ஏறக்குறையப் பத்து மடங்காகும். காரத் தன்மையுள்ள போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் அதனால்தான் மீனின் எண்ணிக்கையைக் குறைத்து வைக்க வேண்டும். வற்றின அளவுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தாலும் உப்பு ஏறும். இறக்கிவிட்டு ஊற்றுங்கள்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. கேனிஸ்டர் ஃபில்டர் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக: மூன்றடிக்கு மேற்பட்ட தொட்டிக்குத்தான் அது. மூடிய டப்பா என்பதால் மின்சாரம் சில மணி நேரம் போனால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகும், தண்ணீர் கெடும். மின்சாரம் வந்ததும் அப்படியே ஓடவிடாதீர்கள், திறந்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு போடுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் போகும்போது தண்ணீர் குழாய் வழியாக பம்புக்குள் இறங்கும். ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏறட்டும், வழிகிற சொட்டு பிளக்குக்குப் போகாது. தொட்டிக்குள் கை விடுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

நன்றி, வணக்கம்.