ஊசியும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

மூட்டுவலியோடு என்னிடம் வருகிறவர்களிடம் அக்குபங்சர், அதாவது மருந்தில்லாத மெல்லிய ஊசிகளை உடம்பின் சில புள்ளிகளில் குத்தும் சிகிச்சை பற்றிப் பேச்செடுத்தால் போதும், உடனே ஒரு கேள்வி வரும்: "அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா டாக்டர்?" வருஷக்கணக்காக வலி மாத்திரை விழுங்கி வயிறு புண்ணானவர்கள் கேட்கிற கேள்வி அது. அந்த ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று யார் சொன்னது?

ஸ்பெயினில், செவில் நகரை ஒட்டிய தோஸ் எர்மானாஸ் என்ற ஊரின் அரசு சுகாதார நிலையத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். 2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளியானது. முழங்கால் தேய்மானம் உள்ள 97 பேர். எல்லோருக்கும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை உண்டு. ஒரு பாதிப் பேருக்கு உண்மையான ஊசி. மறு பாதிக்குத் தோலைத் துளைக்காமல் உள்ளே மடங்கிக்கொள்ளும் போலி ஊசி. 12 வாரம் கழித்துப் பார்த்தால், உண்மையான ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வலியும் விறைப்பும் கூடுதலாகக் குறைந்திருந்தன. அவர்களுக்குத் தேவைப்பட்ட டைக்ளோஃபெனாக்கும் குறைவு. வயதானவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அந்த மாத்திரை, உடம்பில் அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற பொருள்களைத் தடுக்கிறது. ஆனால் வயிற்றின் உட்சுவரைக் காப்பதும் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் தருவதும் அதே புரோஸ்டாகிளாண்டின்கள்தான். ஒரு மாத்திரை குறைந்தாலும் அது லாபம்தான்.

சரி, ஊசி உடம்புக்குள் என்னதான் செய்கிறது? எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு, 2010-இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்ட் குழுவினர் எலிகளில் செய்தது. எலியின் பாதத்தில் அழற்சியை உண்டாக்கி, முழங்காலுக்குக் கீழே உள்ள சூசன்லி என்ற புள்ளியில் ஊசி குத்தினார்கள். நமக்கு அந்தப் புள்ளி முழங்கால் சில்லுக்கு நான்கு விரற்கடை கீழே, கணைக்கால் எலும்பின் வெளிப்பக்கம். அரை மணி நேரம், அவ்வப்போது ஊசியைத் திருகிவிட்டபடி. ஊசி இருந்த இடத்தில் அடினோசின் என்ற பொருள் சுமார் 24 மடங்கு ஏறியது. வலி நரம்புகளைத் தணிக்கும் இயற்கையான பொருள் அது. ஊசியைக் குத்திவிட்டுத் திருகாமல் விட்டால் பலன் இல்லை. அடினோசினை ஏற்கும் வாங்கி இல்லாமல் பிறந்த எலிகளுக்கும் பலன் இல்லை.

அப்புறம்தான் முக்கியமான கட்டம். அடினோசினை உடம்பு சீக்கிரமே அப்புறப்படுத்திவிடும். அதைத் தாமதப்படுத்தும் டீஆக்ஸிகோஃபார்மைசின் என்ற மருந்தையும் எலிகளுக்குக் கொடுத்தார்கள். ஊசியால் கிடைத்த நிவாரணம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நேரம் நீடித்தது. ஊசி திறந்துவிட்டதை மருந்து பிடித்து வைத்துக்கொண்டது! இது ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் கடுமையான மருந்து; மூட்டுவலிக்கு யாரும் எழுதித்தர மாட்டார்கள். ஆனால் ஊசியையும் மருந்தையும் கூட்டாளிகளாக யோசிக்கும் வழி அங்கே திறந்தது. காபியில் உள்ள காஃபீன் அடினோசினின் வாங்கிகளை அடைத்துக்கொள்ளும் என்பதால், ஊசிக்கு வருகிற அன்று காபியைச் சிகிச்சைக்குப் பிறகு குடிக்கச் சொல்வது என் வழக்கம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பல சோதனைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, உண்மையான ஊசிக்கும் போலி ஊசிக்கும் உள்ள வித்தியாசம் சிறியதுதான். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு அக்குபங்சர் வேண்டாம் என்கிறது. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் 2019-இல் நிபந்தனையோடு பரிந்துரைத்தார்கள். இரண்டையும் படித்த பிறகும் நான் ஊசி போடுகிறேன், மருந்துக்குத் துணையாக மட்டும்.

ஏன் துணை என்று அழுத்திச் சொல்கிறேன்? முடக்குவாதம், நம் ஊர்ப் பேச்சில் சரவாங்கி, வெறும் வலி அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டை அரிக்கிறது. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்து அந்த அரிப்பைத் தடுக்கிறது. ஊசி அதைச் செய்யாது. தையல் வேலை செய்யும் ஒரு அம்மா, "ஊசியே போதும், ரசாயனம் வேண்டாம்" என்று யாரோ சொன்னதை நம்பி, வாரம் ஒருமுறை போட வேண்டிய அந்த மாத்திரையை ஐந்து மாதம் நிறுத்தியிருந்தார். வலி கொஞ்சம் மட்டுப்பட்டதால் நோயும் போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். திரும்பி வந்தபோது வலது கையில் இரண்டு விரல்கள் வளைந்துவிட்டன. இப்போது மாத்திரையும் உண்டு, ஊசியும் உண்டு; காலை விறைப்பு முன்பைவிடச் சீக்கிரம் விடுகிறது. அந்த இரண்டு விரல்கள் மட்டும் நிமிரவில்லை.

அக்குபங்சருக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஊசி உங்கள் கண் முன்னால் பிரித்த புது ஊசியாக இருக்கட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர்களும் அதை முதலிலேயே சொல்லுங்கள். வலி குறைந்தால் மாத்திரையின் அளவை எழுதிக்கொடுத்த மருத்துவரே குறைக்கட்டும். அதற்கு அவருக்கு நீங்கள் ஊசி போட்டுக்கொள்வது தெரிந்திருக்க வேண்டும். திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.