காலாங் ஆற்றின் பழைய வளைவுகள்

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் காலாங் என்றதும் உங்களுக்கு விளையாட்டரங்கம் நினைவுக்கு வரும். எனக்கோ, சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்த பழைய நிலத்தோற்ற வரைபடத்தின் நகல். ஓரத்தில் குழம்புக் கறை வேறு.

அதன் அளவு 1:25,000. படத்தில் நான்கு சென்டிமீட்டர், தரையில் ஒரு கிலோமீட்டர். சம உயரக் கோடுகள் நெருங்கினால் சரிவு, விலகினால் சமவெளி. இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் ரசிப்பது வேறு. ஓடையைக் கடக்கும் இடத்தில் அந்தக் கோடு முழங்கைபோல் மடங்கும். முழங்கையின் நுனி எப்போதும் நீர் வரும் திசையையே காட்டும்.

அந்த நுனிகளைப் பிடித்துக்கொண்டே மேலேறினால் லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கம். 1922க்கு முன் அதன் பெயர் காலாங் ஆற்று நீர்த்தேக்கம். ஆண்டு அச்சாகாத படம் கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான்.

கீழே இறங்குங்கள். தோ பாயோ என்றால் பெரிய சதுப்பு. போத்தோங் பாசிர் என்றால் மணல் வெட்டுதல். காய்கறித் தோட்டங்கள் இருந்த அந்தத் தாழ்நிலத்தில் கோடுகளைக் காண்பதே அரிது. 1978 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே நீர் தேங்கியதன் காரணம் காகிதத்திலேயே தெரிகிறது.

ஆனால் வரைபடத்தை முழுக்க நம்பிவிடாதீர்கள். சிராங்கூன் சாலைப் பக்கத்தை நம் முன்னோர் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள், சூளைகள் இருந்ததால். கம்பம் என்றால் இங்கே கிராமம். என் நகலில் அந்தப் பெயர் இல்லை. நில அளவையாளர் நம்மவர்களிடம் கேட்கவில்லை போலும்.

சென்ற மாதம் பழைய ஆற்றை டிரேசிங் தாளில் வரைந்து பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்கு எடுத்துப் போனேன். அங்கே 2.7 கிலோமீட்டர் நேர்க் கால்வாயாக இருந்ததை 2012இல் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு மூதாட்டி நின்றார்.

“வழி தவறிவிட்டதா தம்பி?”

“இல்லை அம்மா, பழைய ஆற்றைத் தேடுகிறேன்.”

அவர் தாளைப் பார்க்கவே இல்லை. கைத்தடியால் புல்வெளியில் நேராக ஒரு கோடு இழுத்துக் காட்டினார். “சிமெண்டுக் கால்வாய் இப்படித்தான் போனது. மழை வந்தால் பிள்ளைகளை இந்தப் பக்கமே விடமாட்டோம்.”

அந்தக் கோட்டையும் தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.