கவ்பாய் தனியாள், பாட்டில் மட்டும் மூன்று குரல்

[திரையில்: சுழலும் பழைய இசைத்தட்டு]

1959 ஏப்ரல் 7. அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஸ்டுடியோவில் பாடகர் மார்ட்டி ராபின்ஸ் பன்னிரண்டு கவ்பாய் பாட்டு பாடினார். எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. அதுதான் ‘கன்ஃபைட்டர் பேலட்ஸ் அண்ட் டிரெயில் சாங்ஸ்’ ஆல்பம்.

துப்பாக்கிச் சண்டை, தூக்குக் கயிறு, அடங்காத குதிரை என்று கதைகளுக்குக் குறைவில்லை. அரிசோனாக்காரரான ராபின்ஸ் சின்ன வயதில் தாத்தாவிடம் இப்படிப்பட்ட கதைகளை நிறையக் கேட்டவர். ஆனால் இந்த வீடியோ, அவருக்குப் பின்னால் கேட்கும் கிளேசர் சகோதரர்களின் குரல்களைப் பற்றியது.

[ஒலி: மூன்று குரல்கள் ஒன்றாக]

பஜனையில் ஐம்பது பேர் பாடினாலும் ஸ்வரம் ஒன்றுதான். ஹார்மனி அப்படியில்லை. ஒருவர் ‘ச’வில் நின்றால் இன்னொருவர் மேலே ‘க’வைப் பிடிப்பார், மூன்றாமவர் கீழே ‘ப’வில் இருப்பார். மெட்டு நகர நகர மூவரும் சேர்ந்தே நகர வேண்டும். மூச்சு எடுப்பதும் சொல்லை முடிப்பதும்கூட ஒரே நேரத்தில்தான். ஒருவர் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்தாலும் குட்டு உடைந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. இரவில் மாட்டு மந்தையைக் காத்த அசல் கவ்பாய்கள், மாடுகள் மிரளாமல் இருக்கத் தனியாகத்தான் முணுமுணுத்தார்கள். மூன்று குரல் அடுக்கு 1930களின் ரேடியோவும் சினிமாவும் பரப்பிய பாணி. ‘சன்ஸ் ஆஃப் த பயனியர்ஸ்’ குழுதான் அதில் முன்னோடி. அந்தக் குழுவின் பாப் நோலன் எழுதிய ‘கூல் வாட்டர்’ இந்த ஆல்பத்திலும் இருக்கிறது. தாகத்தோடு பாலைவனத்தில் ஒருவன், கூட ஒரு கோவேறு கழுதை. அவன் தண்ணீர் என்று பாடும்போது எங்கிருந்தோ இன்னொரு குரலும் தண்ணீர் என்கிறது. அங்கே பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? எனக்கு அந்தக் குரலே கானல்நீராகத்தான் கேட்கிறது.

சரி, இதே ஆல்பத்தின் ‘எல் பாசோ’ பாட்டுக்கு வருவோம். நான்கரை நிமிடத்துக்கும் மேல் ஓடும். அன்றைய ரேடியோவுக்கு ரொம்ப நீளம் என்று இசைத்தட்டுக் கம்பெனி பயந்து, வெட்டிய வடிவம் ஒன்றையும் அனுப்பியது. நிலையங்கள் முழுப் பாட்டையே விரும்பின. 1960 தொடக்கத்தில் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் முதலிடம், 1961இல் கிராமி விருது.

[ஒலி: கிட்டார் மட்டும்]

ஹெட்போனில் கேளுங்கள். வரிக்கு வரி இடைவெளியில் கிரேடி மார்ட்டினின் கிட்டார் ஓடிவந்து பதில் சொல்லும். பாட்டின் நாயகனான கவ்பாய் காதலுக்காகத் திரும்பிவந்து குண்டடிபட்டுச் சாகும்வரை அவனை அது விடுவதே இல்லை.