ஸ்டிக்கர் ஆகிப்போன முகம்

(காட்சி: கிருஷ்ணகிரி அணைப் பூங்கா. மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்.)

குரல்: பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், நண்பர்களோடு அணைக்கு வந்தான். மாங்காயின் புளிப்பில் அவன் கண்ணை இறுக்கிக்கொண்ட நொடியில் யாரோ படம் எடுத்துவிட்டார்கள். இரவு பார்த்தால், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அது ஸ்டிக்கர். கற்பனைப் பையன்தான், உங்கள் ஊரிலும் ஒருவன் இருப்பான்.

(காட்சி: இருட்டில் ஒளிரும் கைப்பேசி.)

செய்தவன் கொடியவனா? பெரும்பாலும் இல்லை. வகுப்பறையில் நேருக்கு நேர் கேலி செய்திருந்தால் எதிரில் இருப்பவனின் முகம் வாடுவதைப் பார்த்திருப்பான். பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பான். திரையில் அந்த வாட்டம் தெரிவதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் அலசுகிறது. ஆள் யாரென்று தெரியாது, பார்வைக்குப் பார்வை கிடையாது, பதில் உடனே வராது, அதட்டப் பெரியவர்கள் இல்லை. கூச்சம் கழன்றுவிடுகிறது. நம் குழுவில் எல்லாருக்கும் எல்லார் பெயரும் தெரியும். இருந்தும் முகம் மறைந்தால் போதும், கை நீள்கிறது.

மறுநாள் கேட்டால், “விளையாட்டுக்குத்தானே?” இன்னொருவன், “அவன் ஏன் அப்படி முழித்தான்?” கொடுமைக்குச் செல்லப் பெயர் வைப்பதும் பழியை அடிபட்டவன் தலையில் போடுவதும் மனசாட்சியைத் தூங்கவைக்கும் வழிகள் என்றார் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா.

துன்புறுத்தல் என்றால் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும் என்பது பள்ளித் துன்புறுத்தலை ஆராய்ந்த உளவியலாளர் டான் ஓல்வியஸ் வகுத்த இலக்கணம். ஸ்டிக்கரில் ஒரு வேடிக்கை: செய்தவன் ஒருமுறைதான் செய்தான். மீதியை நாற்பது பேர் ஆளுக்கொரு முறை செய்தார்கள். நாற்பது பேரில் ஒருவரும் தன்னைக் குற்றவாளியாக எண்ணவில்லை. வேறொரு குழுவில் அடிபட்டு வந்து இங்கே அடிப்பவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் நிற்கும் இவர்களுக்குத்தான் மனச்சுமை அதிகம்.

(காட்சி: வீடு. சாப்பிடாமல் எழும் மகன்.)

ஏன் வீட்டில் சொல்லவில்லை? சொன்னால் முதலில் பறிபோவது தன் கைப்பேசிதான் என்ற பயம். அடித்தவன் கையில் போன், அடிபட்டவன் கையில் ஒன்றுமில்லை!

“போனைப் பிடுங்க மாட்டேன், எதுவானாலும் என்னிடம் காட்டு” என்று அம்மா முன்பே சொல்லிவைத்திருந்தால், அந்த ஸ்டிக்கர் முதல் இரவிலேயே அவர் கண்ணில் பட்டிருக்கும். அழிப்பதற்கு முன் திரையைப் படமெடுத்து வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு 14416.