சட்டத்தரணி செல்வநாயகம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தந்தை செல்வா என்று நாம் அழைக்கும் செல்வநாயகத்தைப் பற்றிப் பேசும்போது நாம் இலங்கைத் தமிழரின் தலைவரைத்தான் பேசுகிறோம். இன்று நான் சட்டத்தரணியைப் பேச வந்திருக்கிறேன். அவருடைய அரசியல் கடைசிவரை ஒரு சிவில் சட்டத்தரணியின் அரசியலாகவே இருந்தது என்பது என் எண்ணம்.

1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து தெல்லிப்பழையில் வளர்ந்தவர். சில காலம் ஆசிரியர் வேலை, அப்புறம் சட்டம். 1947இல் மூத்த சட்டத்தரணிகளுக்குரிய கே.சி. பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு தமிழ்க் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறையில் வென்று நாடாளுமன்றம் போனார். மெல்லிய குரல். மேடை முழக்கம் அவருக்கு வராது.

1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர் ஆக்கியது. அவர் எதிர்த்தார். கட்சித் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் அமைச்சரானபோது விலகி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தோட்டத் தொழிலாளருக்காகப் பேசினால் காங்கேசன்துறையில் ஒரு வாக்காவது கூடுமா? 1952இல் தொகுதியையே இழந்தார். 1956இல்தான் மீண்டும் வந்தார்.

1957 ஜூலை 26ஆம் திகதி பிரதமர் பண்டாரநாயக்காவோடு ஒப்பந்தம். பிரதேச சபைகள், வடக்கிலும் கிழக்கிலும் தமிழில் நிர்வாகம் என்று எல்லாம் எழுத்தில் வந்தன. அடுத்த ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார்கள், ஒப்பந்தம் போயிற்று. 1965இல் டட்லி சேனநாயக்காவோடு இன்னொன்று. அதுவும் நிறைவேறவில்லை. இரண்டு தடவை ஏமாந்தாரே என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். தமிழர் கேட்டது எவ்வளவு, பிரதமர்கள் இணங்கியது எவ்வளவு என்பதற்கு இன்றும் நம்மிடம் சான்று இருக்கிறதென்றால், அவர் எழுதி வாங்கியதால்தான்.

1972இன் புதிய அரசியலமைப்பு, பழைய அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவைக் கைவிட்டது. அவர் நாடாளுமன்றப் பதவியைத் துறந்தார். இதைத் தமிழர் ஏற்கிறார்களா இல்லையா, என் தொகுதியிலேயே தேர்தல் வைத்துப் பாருங்கள் என்பதுதான் அவர் விட்ட சவால். அரசு இரண்டு ஆண்டுக்கு மேல் இழுத்தடித்து 1975 பெப்ரவரியில் வைத்தது. பெரும் வித்தியாசத்தில் வென்றார்.

1976இல் அவருடைய கட்சித் தலைவர்களில் ஒருவரான அமிர்தலிங்கம் மீது வழக்கு. உடல் தளர்ந்திருந்த செல்வநாயகம் அமிர்தலிங்கத்துக்காக வாதாடும் சட்டத்தரணிகளில் ஒருவராக மன்றுக்குப் போனார். அவசரகால விதிகள் செல்லுமா என்பதே அங்கே எழுந்த பெரிய கேள்வி. 1949இல் பிரிந்துபோன பொன்னம்பலமும் அன்று அதே தரப்பில் வாதாடினார்.