இதய இமோஜி ஓரிடத்தில் துடிக்கிறது, இன்னோரிடத்தில் சும்மா நிற்கிறதே, ஏன்?

அடுத்த கேள்வி சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து. கொலுசு வியாபாரம் செய்கிற ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: "வாட்ஸ்அப்பில் சிவப்பு இதயத்தைத் தனியாக அனுப்பினால் துடிக்கிறது. கொலுசு விலையோடு சேர்த்துப் போட்டால் அசையவே மாட்டேன் என்கிறது. புரொஃபைலில் ஜிஃப் என்கிற அசையும் படத்தை வைத்தாலும் அசையாமல் நிற்கிறது. போனில் கோளாறா?"

கோளாறே இல்லை அக்கா. பார்க்கப் படமாகத் தெரிந்தாலும் இமோஜி உள்ளுக்குள் ஓர் எழுத்துதான். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கிற பொதுப் பட்டியலான யூனிகோடில் 'அ'வுக்கு ஓர் எண் இருக்கிற மாதிரி இதயத்துக்கும் உண்டு. உங்கள் போனிலிருந்து போவது அந்த எண் மட்டும்தான். அதைத் துடிக்க வைப்பதும் சும்மா காட்டுவதும் ஆப்பின் கையில். தனியாக வந்தால் வாட்ஸ்அப் அதைப் பெரிதாக்கித் துடிக்க வைக்கும், வரிக்கு நடுவில் வந்தால் எழுத்தோடு எழுத்தாக விட்டுவிடும். புரொஃபைலில் வாட்ஸ்அப் அசையாப் படத்தை மட்டுமே ஏற்கும். டெலிகிராமில் என்றால் வீடியோவே வைக்கலாம்.

சரி, செய்தியில் மின்னுகிற நட்சத்திரம் வேண்டுமே வேண்டும் என்றால்? ஜிஃப் வேண்டாம். 1987-ல் வந்த வடிவம் அது. அதில் அடுத்தடுத்து ஓடுகிற ஒவ்வொரு படத்துக்கும் (பிரேம்) 256 நிறம்தான். அதைவிடப் பெரிய தொல்லை ஓரத்தில் இருக்கிறது. ஜிஃப்பில் ஒரு புள்ளி முழுதாகத் தெரியும், இல்லையென்றால் முழுதாக மறையும். பாதி மறைவது கிடையாது. வெள்ளைப் பின்னணிக்குச் செய்த நட்சத்திரத்தை, திரை கறுப்பாக இருக்கிற டார்க் மோடில் பாருங்கள், சுற்றிலும் வெள்ளைப் பொருக்கு ஒட்டியிருக்கும். வெள்ளி விற்கிற இடத்தில் அது கண்ணை உறுத்தும்.

அதனால் ஸ்டிக்கராகச் செய்யச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் ஸ்டிக்கர் வெப்-பி (WebP) என்கிற பட வடிவம், அதில் புள்ளி பாதி மறையவும் முடியும் என்பதால் ஓரம் வழவழப்பாக வரும். 512க்கு 512 பிக்சல், அசைகிற ஸ்டிக்கர் 500 கேபிக்குள் இருக்க வேண்டும். ஏற்காட்டு மலைப்பாதையில் சிக்னல் தடுமாறுகிற இடத்தில் இருப்பவருக்கும் சீக்கிரம் இறங்கும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் கவனியுங்கள். ஒரு நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடுகிற எதையும் போடாதீர்கள். வலிப்பு நோய் இருக்கிற சிலருக்கு அது வலிப்பையே தூண்டிவிடும். அப்புறம், பார்வையில்லாதவர்களின் போன் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும். விலைக்கு முன்னால் பத்து இதயம் போட்டால், இதயத்தின் பெயரைக் கேட்டு முடித்த பிறகுதான் அவர்களுக்கு விலை கிடைக்கும். விலையை முதலில் எழுதுங்கள், இதயம் ஒன்று கடைசியில் போதும். கொலுசுப் படம் அசையவே வேண்டாம். வாங்குகிறவர் பெரிதாக்கி, ஒவ்வொரு முத்தாகப் பார்க்கிற படம் அது.